மிக்ஸி முதல் பவர் பேங்க் வரை: வெளிநாட்டில் மின்சாதனங்களை ஆபத்தில்லாமல் பயன்படுத்த ஒரு வழிகாட்டி

தங்கை வீட்டுக்கு அமெரிக்கா கிளம்பிய அப்பா அம்மாவுக்குப் பெட்டி கட்டும்போது, எந்த மின்சாதனத்தை வைக்கலாம், எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று தெரிந்துகொள்ள நிறைய அலைய வேண்டியிருந்தது. மிக்ஸி கடையில் ஒன்று சொன்னார்கள், எலக்ட்ரிக்கல் கடையில் வேறு சொன்னார்கள், போய்வந்த உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஒரு அடாப்டர் வாங்கிப் போடுங்க சார், எல்லாம் ஓடும்" என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னார். இந்தப் பேச்சை நம்பிப் போகிறவர்கள்தான் அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். அடாப்டர் மாற்றுவது பிளக்கின் வடிவத்தை மட்டுமே. சுவரில் எத்தனை வோல்ட் வருகிறதோ, அது அப்படியே சாதனத்துக்குள் போகும்.

அமெரிக்காவைத்தான் அதிகம் பேசியிருக்கிறேன். நம் ஊர் மின்சாரத்திலிருந்து பெரிதும் மாறுபடுகிற நாடுகளில் அதுவும் ஒன்று, நம்மவர்கள் மிக்ஸியும் கிரைண்டருமாகக் கிளம்புவதும் அங்கேதான். மற்ற நாடுகளுக்கு எங்கே எது மாறும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

1. சாதனத்தைத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள்

டிக்கெட் போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள். சார்ஜராக இருந்தால் பின்கள் இருக்கும் பக்கத்தில், மிக்ஸியாக இருந்தால் அடியில், ஹேர் டிரையராக இருந்தால் கைப்பிடியில் ஒரு ஸ்டிக்கரோ அச்சோ இருக்கும். வெள்ளை சார்ஜர்களில் சாம்பல் நிறத்தில் கடுகு அளவு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தை அழிக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அதில் 'இன்புட்' என்ற வரியைத் தேடுங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கும். (ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை தடவை மாறி மாறி ஓடுகிறது என்ற கணக்கு.)

"100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் உலகம் முழுக்க ஓடும், பிளக் வடிவத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

"220-240 வோல்ட்" அல்லது "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் அது நம் ஊருக்காகச் செய்தது. ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஆஸ்திரேலியாவில் ஓடும் (சவுதி அரேபியாவில் மட்டும் 60 ஹெர்ட்ஸ், கிரைண்டருக்கு அது ஒத்துவராது). அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவானில் ஓடாது.

"110-120 வோல்ட்" அல்லது "100 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் அதை நம் ஊரிலோ லண்டனிலோ சொருகவே கூடாது. சொருகினால் சில நொடிகளில் கருகும்.

சில ஹேர் டிரையர்களிலும் பயண இஸ்திரிப் பெட்டிகளிலும் 110, 230 என்று இரண்டு நிலை கொண்ட சிறிய ஸ்விட்ச் இருக்கும். காசு முனையால் திருப்புகிற மாதிரிப் பதித்திருப்பார்கள். பிளக்கைச் சொருகும் முன்னால் அதைத் திருப்ப வேண்டும். ஊர் திரும்பியதும் முதல் தடவை சொருகுவதற்கு முன்னால் மறக்காமல் 230-க்கு மாற்றிவிடுங்கள். அங்கே ஒழுங்காக ஓடிய டிரையர் நம் வீட்டுக்கு வந்து புகைவது பெரும்பாலும் இதனால்தான்.

2. போகும் நாட்டின் வோல்ட்டும் பிளக்கும்

நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உருண்டையான மூன்று பின் கொண்ட 6 ஆம்ப் பிளக்கை டைப் டி என்பார்கள், ஏசி, கீசருக்கான பெரிய 16 ஆம்ப் பிளக்கை டைப் எம் என்பார்கள். (தென்னாப்பிரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வசதி: அங்கே இந்தப் பெரிய பிளக் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.)

அமெரிக்கா, கனடா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தட்டையான இரண்டு தகடு, அல்லது அதோடு ஒரு உருண்டை எர்த் பின். ஜப்பான்: 100 வோல்ட், தட்டையான இரண்டு தகடு. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், வளைகுடா நாடுகள்: 220-240 வோல்ட், சதுர முனை கொண்ட மூன்று பின், அதாவது டைப் ஜி. இலங்கையிலும் இப்போது தரநிலை டைப் ஜி-தான், பழைய வீடுகளில் நம் டைப் டி சாக்கெட்டும் இருக்கும். ஐரோப்பாவில் 230 வோல்ட், உருண்டையான இரண்டு பின். ஆனால் சுவிட்சர்லாந்து, இத்தாலி, டென்மார்க்கில் மூன்று பின்னுக்குத் தனித்தனி வடிவம் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: 230 வோல்ட், சாய்ந்த தகடுகள்.

வழியில் வேறு நாட்டில் ஒரு இரவு தங்குகிறீர்கள் என்றால் அந்த நாட்டையும் பார்த்து வையுங்கள்.

3. சூடாகிற எதையும் கொண்டுபோகாதீர்கள்

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் சுட வைக்கும் ராடு. அமெரிக்கா, ஜப்பான் போகிறவர்கள், மேலே சொன்ன 110, 230 ஸ்விட்ச் இல்லாத இவற்றை மறந்துவிடலாம்.

காரணம் எளிய கணக்கு. சூடாக்கும் காயிலில் வோல்ட் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். நம் ஊர் 1000 வாட்ஸ் கெட்டிலை 120 வோல்ட்டில் போட்டால் சுமார் 270 வாட்ஸ்தான் கிடைக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாகி நிற்கும், கொதிக்க யுகம் ஆகும். ரைஸ் குக்கரில் அரிசி ஊறிக் குழைந்து கிடக்கும், சோறாகாது. இதிலாவது தீப்பிடிக்கும் பயம் இல்லை. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய 1500 வாட்ஸ் ஹேர் டிரையரை நம் 230 வோல்ட்டில் போட்டால் 5500 வாட்ஸ் இழுக்கப் பார்க்கும். ஃபியூஸ் போவதற்குள் கையிலேயே எரியலாம்.

தண்ணீர் ராடு எந்த நாட்டுக்குமே வேண்டாம். 230 வோல்ட் நாட்டில் அது ஓடும் என்பதே ஆபத்து. ஹோட்டல் அறையின் பிளாஸ்டிக் வாளியில் அதைத் தொங்கவிட்டு, எர்த் இல்லாத அடாப்டரில் சொருகி, ஈரக் கையோடு தொடுவது உயிரோடு விளையாடுவது. பல ஹோட்டல்களிலும் மாணவர் விடுதிகளிலும் ராடு, ஹாட் பிளேட், குக்கர் எல்லாம் தடை. படிக்கப் போகிற பிள்ளைகள் விடுதி விதிகளை முன்கூட்டியே வாசித்துவிட்டு அப்புறம் பெட்டி கட்டுங்கள்.

இவற்றை அங்கேயே வாங்குவதுதான் மலிவும்கூட. சாதாரண கெட்டிலோ சின்ன ரைஸ் குக்கரோ அமெரிக்காவில் ஏறத்தாழ 20 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும்.

4. மிக்ஸியும் கிரைண்டரும்

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். 110 வோல்ட்டுக்கென்றே தனியாகச் செய்த மிக்ஸி நம் ஊரிலேயே கிடைக்கிறது. ப்ரீத்தி போன்ற நிறுவனங்கள் அந்த மாதிரிகளைச் செய்கின்றன. கடையில் "அமெரிக்காவுக்கு" என்று வாயால் சொன்னால் போதாது. பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அடியில் உள்ள ஸ்டிக்கரில் 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள். அமெரிக்க இந்தியக் கடைகளிலும் இவை கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும். ஆனால் பழுதானால் அங்கேயே மாற்றலாம். நம் ஊரில் வாங்கியதற்கு வாரண்டி பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான், கார்டின் பின்பக்கத்தைப் படித்துக் கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் 230 வோல்ட் மிக்ஸியையே கொண்டுபோக வேண்டுமென்றால் 120-ஐ 230 ஆக ஏற்றும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மிக்ஸியின் வாட்ஸைப்போல் இரண்டு மடங்காவது தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். 750 வாட்ஸ் மிக்ஸிக்கு 1500 வாட்ஸ். அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் கனமான இரும்புப் பெட்டி, ஆறேழு கிலோவுக்குக் குறையாது. விலையும் ஒரு புது மிக்ஸியைத் தொடும். என்னைக் கேட்டால் 110 வோல்ட் மிக்ஸி வாங்குவதே சரி.

கிரைண்டர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸியில் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. வெட் கிரைண்டரின் இண்டக்‌ஷன் மோட்டார் அப்படியில்லை. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 60-இல் ஓட்டினால் கல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மாவு சூடாகும், மோட்டாரும் சூடாகும். அதனால் கிரைண்டர் என்றால் 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் மாதிரி மட்டுமே.

மிக்ஸி ஜாரின் பிளேடு கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றால் கிரைண்டர் ஒன்றே பாதியைத் தின்றுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

5. அடாப்டர் வாங்கும்போது

ஒரே நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்கான ஒற்றை அடாப்டர் போதும், 150 முதல் 400 ரூபாய்க்குள் வரும். பல நாடு என்றால் யுனிவர்சல் அடாப்டர், 800-க்கு மேல். வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

எர்த் இருக்கிறதா? நம் மூன்று பின் பிளக்கை ஏற்றுக்கொண்டு மறுபக்கம் இரண்டு பின்னாக முடிகிற அடாப்டரில் எர்த் அங்கேயே அறுந்துபோகிறது. போன் சார்ஜருக்குப் பரவாயில்லை. உலோக உடம்பு கொண்ட எதற்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்டிக்கரில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்ட சாதனம், அதற்கு எர்த் தேவையில்லை.

எத்தனை ஆம்ப்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டியில் "10 ஆம்ப், 2500 வாட்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது 250 வோல்ட்டுக்கான கணக்கு. அதே அடாப்டர் அமெரிக்காவில் 1200 வாட்ஸ் வரைதான் தாங்கும். 1500 வாட்ஸ் ஹேர் டிரையரை அதில் போட்டால் அடாப்டர் உருகும். வாட்ஸைப் பார்க்காதீர்கள், ஆம்பைப் பாருங்கள்.

உள்ளே ஃபியூஸ் இருக்கிறதா? இருப்பதையே வாங்குங்கள், மாற்று ஃபியூஸ் ஒன்றும் பெட்டிக்குள் கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம். சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் தனியாகக் கழன்று வரும் அல்லவா, அந்த ஒயரை மட்டும் அந்த நாட்டுப் பிளக்கோடு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எர்த் அறாமல் இருக்கும், ஆடாமல் உட்காரும். பழைய ஒயரைக் கையோடு கொண்டுபோய் முனை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வோல்ட்டை மாற்றும் "கன்வர்ட்டர்" என்று உள்ளங்கை அளவில், எடையே இல்லாமல், 1600 வாட்ஸ் என்று விற்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை சூடாக்கும் சாதனங்களைக் கொஞ்ச நேரம் ஓட்டுவதற்கு மட்டுமே. மோட்டார், மருத்துவக் கருவி, சார்ஜர் எதையும் அதில் சொருகக் கூடாது.

6. பவர் பேங்க்

செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் முடியாது. கணக்கு: பவர் பேங்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவான எம்ஏஎச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. 30,000 என்றால் 111, அதற்கு அனுமதி தேவை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்து வைத்துக்கொள்ளக்கூடும், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நிற்கும்போதே தீப்பிடித்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் சார்ஜ் செய்யவோ, அதைச் சார்ஜ் செய்யவோ விடுவதில்லை. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான் அனுமதிக்கிறது, அதையும் பயன்படுத்தக் கூடாது. சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறினால் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் போகாது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் உங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இடமில்லை என்று கைப்பையை வாசலில் வாங்கிக் கீழே அனுப்பினால், பவர் பேங்க்கை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. மருத்துவக் கருவிகள்

பெரியவர்களை அனுப்புகிறவர்கள் இதை அவசரமில்லாமல் படியுங்கள்.

தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவிகள் பெரும்பாலும் 100-240 வோல்ட்டில் ஓடும், ஸ்டிக்கரில் உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்க விதிப்படி விமானத்தில் இதைக் கைப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பயணத்தின்போதே பயன்படுத்துவதாக இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்னால் விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

நெபுலைசர் அப்படியில்லை. நம் வீடுகளில் இருக்கும் கம்ப்ரசர் வகை பெரும்பாலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மட்டும். அமெரிக்காவில் சொருகினால் மருந்து ஆவியாக வராது, மூச்சுத் திணறும் நேரத்தில்தான் அது தெரியவரும். பேட்டரியிலோ யூஎஸ்பியிலோ ஓடும் சிறிய மெஷ் நெபுலைசர் ஒன்றை இங்கேயே வாங்கி, அதே மருந்தை அதில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு, வீட்டில் சில நாள் பயன்படுத்திப் பழகிய பிறகு கொடுத்தனுப்புங்கள். ரத்த அழுத்தக் கருவிக்கு அடாப்டர் எதுவும் வேண்டாம், பேட்டரி போட்டாலே போதும்.

8. ஆவணங்கள், நாள் கணக்கு

ஒரு மாதம் முன்னால் ஸ்டிக்கர் படிப்பதும் பட்டியல் போடுவதும் முடிந்திருக்க வேண்டும். 110 வோல்ட் மிக்ஸி எல்லாக் கடையிலும் கையிருப்பில் இருக்காது, வரவழைக்க நாளாகும். மெஷ் நெபுலைசரும் இப்போதே வாங்கினால்தான் பழகிப் பார்க்க முடியும். அடாப்டர், ஒயர் எல்லாம் இரண்டு வாரம் முன்னால் வாங்கி வீட்டிலேயே இறுக்கமாக உட்காருகிறதா என்று சொருகிப் பாருங்கள்.

ஒரு கவரில் இவை இருக்கட்டும்: மருத்துவக் கருவிக்கு டாக்டர் கடிதம், ஆங்கிலத்தில், கருவியின் பெயரோடு; பெரிய பேட்டரிக்கு விமான நிறுவனம் அனுமதித்த மின்னஞ்சலின் நகல்; விலை உயர்ந்த சாதனங்களின் பில். திரும்பி வரும்போது சுங்கத்தில் "அங்கே வாங்கியதா?" என்று கேட்டால் இந்த பில்தான் பேசும். ஸ்டிக்கர் படங்கள் போனிலேயே இருக்கட்டும்.

9. போய் இறங்கியதும்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் இருக்காது. சொருகியதுமே மின்சாரம் வந்துவிடும். எனவே முதலில் சாதனத்தின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டுச் சொருகுங்கள், பிடுங்கும்போது பிளக்கைப் பிடித்து இழுங்கள். அமெரிக்க வீடுகளில் சில சாக்கெட்டுகள் கதவோர லைட் ஸ்விட்ச்சோடு இணைந்திருக்கும். விளக்கை அணைத்தால் சாக்கெட்டும் அணைந்துவிடும். சிபாப் மாட்டும் சாக்கெட் அப்படிப்பட்டதா என்று முதல் நாளே பாருங்கள்.

அமெரிக்க வீடுகளில் குளியலறையிலும் சமையல் மேடையிலும் 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு பொத்தான் கொண்ட சாக்கெட் இருக்கும். சிறு கசிவு இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மிக்ஸி ஓடவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரீசெட்டை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப நின்றால் கோளாறு உங்கள் சாதனத்தில் இருக்கிறது, வேறு சாக்கெட் தேடி அதையே ஓட்டப் பார்க்காதீர்கள். அங்கே ஒரு லைன் சாதாரணமாக 15 ஆம்ப், அதாவது 1800 வாட்ஸ். மைக்ரோவேவும் கெட்டிலும் ஒரே லைனில் ஓடினால் பிரேக்கர் விழும்.

பிரிட்டன், சிங்கப்பூர், வளைகுடா போகிறவர்களுக்கு: அந்தச் சாக்கெட்டின் இரண்டு துளைகளும் உள்ளே மூடியால் அடைபட்டிருக்கும், மேலேயுள்ள எர்த் பின் போனால்தான் திறக்கும். நம்மவர்கள் பேனா மூடியையோ ஸ்க்ரூ டிரைவரையோ மேல் துளையில் விட்டுத் திறந்து, இரண்டு பின் சார்ஜரைத் திணிப்பார்கள். பத்து பேர் தங்கும் அறைகளில் இது தினசரி நடக்கிறது. பின் சரியாகப் பிடிக்காமல் பொறி பறக்கும், சாக்கெட் சூடாகிக் கருகும். அந்தப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸின் பாதுகாப்பும் கிடைக்காது. மலிவான அடாப்டர் ஒன்று இதை முற்றிலும் தவிர்க்கும்.

ஹோட்டல் குளியலறையில் 'ஷேவர்' என்று எழுதிய சாக்கெட் ஷேவருக்கும் மின்சார பல்துலக்கிக்கும் மட்டும்தான். அடாப்டர்மேல் அடாப்டர் அடுக்காதீர்கள். இரவு சார்ஜ் போடும் போனைத் தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள். புதுச் சாக்கெட்டில் எதைப் போட்டாலும் பத்து நிமிடம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிடுங்கிவிடுங்கள்.

10. ஏதாவது தவறாகப் போனால்

கருகிய வாசனையோ சத்தமோ வந்தால் சாதனத்தைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக்கே புகைந்தால் பிரேக்கர் பெட்டியில் மெயினை அணையுங்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று போன அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். மின்தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருப்பவரை மெயினை அணைக்கும் முன் தொடக் கூடாது. தீ கொஞ்சம் பரவினாலும் பெட்டி, பாஸ்போர்ட் என்று தேடாமல் வெளியே வந்து அழையுங்கள்: அமெரிக்கா, கனடா 911, பிரிட்டன், மலேசியா 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 112, சிங்கப்பூர் 995, ஐக்கிய அரபு அமீரகம் 997, ஜப்பான் 119, ஆஸ்திரேலியா 000. பெரியவர்கள் போனில் இந்த எண்ணையும், தங்கும் வீட்டின் முகவரியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேமித்துக் கொடுங்கள்.